சால்மன் மீன் நிறுத்திய டெம்போ

சிறுவர் பக்கம் நடத்துவதில் எழுதுவது சுலபம். எழுதியதைக் குழந்தைகள் நம்பிவிடுவதுதான் கஷ்டம். பிள்ளைகளின் ஒரே ஒரு "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டிக்கொண்ட உங்களுக்கு இது புரியும்.

புனேயில் எங்கள் தமிழ் மாத இதழில், தொண்ணூறுகளின் கடைசியில், சால்மன் மீனைப் பற்றி எழுதினேன். ஓடையில் பிறக்கும் குஞ்சு கடலுக்குப் போகுமுன் அந்தத் தண்ணீரின் வாசனையை மனதில் பதித்துக்கொள்கிறது. சில வருடங்கள் கழித்து, ஆற்று முகத்துக்கு வந்ததும், அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு பிறந்த இடத்துக்கே முட்டையிடப் போகிறது. மூக்கை அடைத்துவிட்டால் வழி தவறும் என்றும் சேர்த்திருந்தேன். அந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை போன்

போன் செய்த செல்வம் கோயமுத்தூர்க்காரர், வங்கி ஊழியர். ஞாயிற்றுக்கிழமை போபோடி வாடகை வீட்டைக் காலி செய்து, கோந்த்வாவில் வாங்கிய ஃப்ளாட்டுக்குப் போக டெம்போ பேசியிருந்தார். அவருடைய எட்டு வயது மகள் நித்யா என் கட்டுரையைப் படித்துவிட்டு, ஒன்றரை வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க மோந்து பார்க்க வைத்தாளாம். அவன் பெரியவனானதும் வீட்டுக்கு வழி தெரிய வேண்டுமே. அரிசி டப்பா, குளியலறை, கட்டிலடித் தூசி எல்லாம் ஆயிற்று. தூசியில் அவனுக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. அது திறக்கும்வரை யாரும் நகரக் கூடாது என்று நித்யா சாமான் பெட்டிகள்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங்க, வூட்டுக்காரரு ஞாயித்துக்கிழம சாவி கேக்கறாருங்க. மனுசனுக்கு அட்ரஸ் போதும், மூக்கு வேண்டாம்னு இப்பவே ஒரு திருத்தம் சொல்லிப்போடுங்க."

பெட்டிமேல் பேச்சுவார்த்தை

நேரில் போனேன். தம்பிக்குப் புது முகவரியை எழுதிக் கொடுத்துவிடலாமே என்றேன்.

"அவனுக்குப் படிக்க வராது அங்கிள். மூக்கும் பந்த்."

வேறு வழியில்லாமல் இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். குஞ்சுகள் வளரும் தண்ணீரில் ஒரு வாசனையைக் கலந்து, பிறகு அதே வாசனையை வேறு ஆற்றில் விட்டால், பெரிய மீன்கள் அந்த ஆற்றுக்கு வந்துவிடும். நித்யா பெட்டியிலிருந்து இறங்கினாள்.

"அப்ப எங்க வீட்டு வாசனைய அங்க கொண்டுபோனா போதும். அது எதுன்னு எனக்குத் தெரியும்."

கோந்த்வா வாசல்

டெம்போ சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது; சாவியும் கைமாறியது. நானும் கூடப் போனேன். புது வீட்டு வாசல்நிலையில், அப்பா இரண்டு நாள் போட்டுக் கழற்றிய சாக்ஸ் நான்கை நித்யா வரிசையாகக் கட்டினாள். தம்பி அதன் கீழே நின்று தும்மினான். மூக்கு திறந்தது, அடையாளம் கண்டுகொண்டான் என்று அவள் அறிவித்தாள். விசாரிக்க வந்த அடுக்குமாடி சொசைட்டி செயலாளர், மராட்டியர், நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் இந்தியில் மரியாதையாகக் கேட்டார்:

"உங்கள் ஊர்ப் பக்கத்தில் மாவிலை கிடைக்காதா?"

மீனைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை, ஆனால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்று அடுத்த மாதத்திலிருந்து பக்கத்தின் அடியில் ஒரு வரி போட ஆரம்பித்தேன்.