பதினோராம் வாரத்துக் கட்டம்

கப்பல் சாகசக்காரன் கடற்பருந்தின் முதல் கதை இப்போது கெட்டி அட்டை போட்ட புத்தகமாக வந்திருக்கிறது. தென்காசிப் புத்தகக் கண்காட்சியில் போன மாதம் வாங்கினேன். ஒரு வாரப் பத்திரிகையில், வாரத்துக்கு இரண்டு பக்கமாக இருபத்தாறு வாரம் வந்த படக்கதை அது. எல்லோரும் கொண்டாடியது பின்னால் வந்த கதைகளைத்தான். யாரையும் ஆபத்தில் விட்டுப் போகாத கடற்பருந்து அவற்றில்தான் இருக்கிறான். முதல் கதையை எழுதியவருக்கு அவன் எப்படிப்பட்டவன் என்று அப்போது பிடிபடவில்லை, ஓவியருக்கும் கை பழகவில்லை, பிழைகளைத் திருத்தாமல் அப்படியே தருகிறோம் என்று முன்னுரையில் எழுதியிருந்தார்கள்.

பிழைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டே படித்தேன். இடக்கன்னத்துத் தழும்பு மூன்றாம் வாரம் வலக்கன்னத்துக்குப் போய் ஐந்தாம் வாரம் திரும்பிவருகிறது. ஆறாம் வாரம் துப்பாக்கி பிடித்த கையில் ஆறு விரல்கள். ஒற்றைப் பாய்மரக் கப்பலுக்கு ஒன்பதாம் வாரம் இன்னொரு பாய்மரம் முளைத்திருக்கிறது. பதினோராம் வாரம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வாரத்துப் படம் ஒன்றைப் பத்து வயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். பார்க்கக்கூடாத விதத்தில் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை பைண்டு செய்த புத்தகமாக இருந்தது. அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்த என் மாமா, வாலிபத்தில் வாராவாரம் கத்தரித்துச் சேர்த்துத் தைத்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். குற்றாலத்துச் சீசன் கடைக்காரர்கள்கூட அவரிடம்தான் எழுதிவாங்குவார்கள். பலகைகளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவாரே தவிர அவர் குற்றாலத்துக்குப் போனதில்லை. அருவித் தண்ணீரில் சளி பிடிக்கும் என்பார். அங்கிருந்து ஆறு கிலோமீட்டரில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொல்பவரை நாங்கள் வேடிக்கையாகத்தான் பார்த்தோம்.

தூரிகையும் மையும் கையில் இருக்கும் மனிதருக்குக் கடற்பருந்தின் பிழைகள் பொறுக்கவில்லை. பைண்டு செய்வதற்கு முன்பே எல்லாவற்றையும் திருத்திவிட்டிருந்தார். ஆறாவது விரலை வெள்ளை பூசி மறைத்திருந்தார். தழும்பை உரிய கன்னத்துக்கு மாற்றியிருந்தார். எது அச்சு, எது மாமா என்று கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டு. ஆனால் பதினோராம் வாரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் அவர் திருத்தவில்லை. அதன்மேல் வேறு தாளை ஒட்டி, படம் முழுவதையும் புதிதாக வரைந்திருந்தார். காட்டாற்று வெள்ளத்தில் படகுக்காரச் சிறுவனின் கையைக் கடற்பருந்து இரண்டு கைகளாலும் பிடித்து இழுக்கிறான். மாமா வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பன்னிரண்டாம் வாரத்திலிருந்து அந்தச் சிறுவன் கதையிலேயே இல்லை. காப்பாற்றப்பட்டவன் எங்கே போனான்? ஒரு மத்தியானம், மாமா கடைக்குப் போயிருந்தபோது, ஈரத்துணியை வைத்து வைத்து எடுத்து, ஒட்டியிருந்த தாளின் ஒரு ஓரத்தை உரித்தேன். பிறகு முழுவதையும் உரித்தேன்.

அடியில் இருந்த படத்தில் சிறுவனின் கை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கடற்பருந்து அதைப் பிடித்திருக்கவில்லை. பாறைமேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தான். ஓடுகிறவன் முகம் என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவ்வளவு பயந்த முகத்தை அதற்குமுன் நான் பெரியவர்களிடம் பார்த்ததில்லை. புத்தகத்தை மூடினேன். மூடிய பிறகும் அந்த முகம் போகவில்லை. சோற்றுப் பருக்கையை நசுக்கித் தாளைத் திரும்ப ஒட்டினேன். ஒரு பக்கம் சற்றுக் கோணலாகிவிட்டது. பொருட்களை வைத்த இடம் ஒரு விரல் மாறினாலும் கண்டுபிடித்துவிடும் மனிதர் அவர். அன்றிலிருந்து, புத்தகம் இருந்த பீரோவை மாமா திறக்கும் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்குப் போய்விடுவேன்.

அந்த வாரமே மதுரையிலிருந்து அப்பாவின் அக்கா குடும்பத்தோடு வந்தாள். சாரல் நன்றாக இருந்தது. ஐந்தருவிக்குப் போகவேண்டும், பிள்ளையையும் கூட்டிப்போகிறேன் என்றாள் அத்தை. அப்பாவுக்குக் கடை இருந்தது. அம்மா என் தம்பியைப் பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்மா பதில் சொல்வதற்குள், நானும் வருகிறேன் என்று மாமா சொன்னார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு துண்டுகளை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

ஐந்தருவியில் அத்தையும் அவள் மகள்களும் பெண்கள் பக்கம் குளிக்கப் போனார்கள். என்னை எவ்வளவு இழுத்தும் நான் போகவில்லை. அருவியின் இரைச்சலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் படத்தில் இருந்த அந்தச் சிறுவனின் கை மட்டும்தான். துண்டுகளை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மாமா ஓரத்துப் பாறையில் நின்றார். கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும் இடத்தில் நான் நின்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கோணலைப் பார்த்துவிட்டார், வீட்டில் கேட்காமல் இங்கே கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுவது நல்லதென்று பட்டது.

"மாமா, கடற்பருந்து அந்தப் பையன் கைய விட்டுட்டுத்தான ஓடுதான்?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். பதினோராம் வாரத்து முகம் அது. தழும்பு மட்டும்தான் இல்லை.

அதே நேரத்தில் போலீஸ்காரரின் விசில் கேட்டது. அருவித் தண்ணீர் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. மேலே மலையில் மழை. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே ஓடிவந்தார்கள். என் கணுக்காலில் ஓடிய தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மாமா ஓடவில்லை. இன்னொரு கையாலும் என்னைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு துண்டு போனது, பிறகு இன்னொன்று. யாரோ ஒருவர், "ஓய், பிள்ளையத் தூக்கிட்டு மேல வாரும்" என்று கத்தி, எங்கள் இருவரையும் சேர்த்துப் படியில் இழுத்துவிட்டார்.

மேலே கடைகளுக்கு முன்னால் அத்தை ஈரத்தோடு எங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு உடை மாற்ற வேண்டும் என்று இன்னொரு கையைப் பிடித்தாள். மாமா விடவில்லை.

"கைய விடுங்க தம்பி. பிள்ளைக்கு ரத்தம் கட்டிருச்சு பாருங்க."

அவர் காதில் அது விழவில்லை. நனைந்த பாவாடையோடுதான் பஸ் ஏறினேன். தென்காசி வரைக்கும் அவர் என் கையை விடவில்லை. கை நடுங்கிக்கொண்டே வந்தது. அடி எப்போது விழும் என்று காத்திருந்தேன். நன்னகரம் தாண்டும்போது, ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல வரஞ்சவன் தெரியாம வரஞ்சிட்டாம்ட்டி. அவன் அப்படிப்பட்ட ஆளு இல்ல."

நான் தலையாட்டினேன். அடி விழவில்லை. இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது, ஒட்டுத்தாள் கோணல் இல்லாமல் நேராக ஒட்டப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவர் கடைசிவரை பேசவில்லை. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது.

புதுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டினேன். எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட சிறுவனின் படம் ஒன்று எப்போதும் இருந்தது. அம்மாவின் கடைசித் தம்பி, தண்ணியில் போய்விட்டான் என்பதுவரைதான் எனக்குத் தெரியும். எந்தத் தண்ணீர், கூட யார் போனது என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஐந்தருவிக்கு ரெண்டு பேருந்தான் போனானுவ. ஒம் மாமன் அவன் கையப் புடிச்சிக்கிட்டுத்தான் நின்னானாம். எம்புட்டு நேரந்தான் புடிப்பான், அவனுக்கே பன்னெண்டு வயசு."

அம்மா அப்புறம் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டாள். அன்று என் மணிக்கட்டில் பதிந்த நான்கு விரல் தடமும் மறைய ஒரு வாரம் ஆனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸில் நடுங்கிய கை என்னுடையது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.