பாத்தியைக் காயவிட்டது யார்

பதினோரு வருடம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கியதில் பழனியம்மாளுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. அதனால் பேரூராட்சியில் செடிப்பாத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தபோது, உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டாள்.

நாமக்கல் பக்கத்தில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த சின்ன ஊர் அது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் அத்தனையும் ஆட்டுப் புழுக்கை, நாய்ப் பீ, உடைந்த சாக்கடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஊர்க் குட்டையில் விழும். அந்தக் குட்டையில்தான் பிள்ளைகள் குதித்து விளையாடுவார்கள். ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுக்கும் தனசேகர் என்பவர் இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார். குட்டைக்கு முன்னால் நீளமாகக் குழி வெட்டி, அடியில் ஜல்லி, மேலே மணல், அதன்மேல் வெட்டிவேரும் கோரையும் நட்டார்கள். தெருத் தண்ணீர் அதில் இறங்கி வடிந்து வெளியே வருவதற்குள் நோய்க் கிருமிகள் பெரும்பாலும் மணலிலும் வேரிலும் சிக்கி அழிந்துவிடும் என்றார். அடியில் முழங்கால் ஆழத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்காகவே வெளியேறும் குழாயை மேல்நோக்கி வளைத்திருந்தார்கள்.

மழை வந்தால் உள்ளே போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, கிருமிச் சோதனைக்காகத் தனசேகரிடம் தர வேண்டும். பழனியம்மாள் அதை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. முதல் வருடக் கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றிப் பாத்தியைக் காப்பாற்றினாள். ரிசல்ட் வந்த நாளில் தனசேகர் அவளிடம்தான் முதலில் சொன்னார்.

"நூறு கிருமி உள்ள போனா ரெண்டு மூணுதான் வெளிய வருதுங்கக்கா. எல்லாம் உங்க கைராசிதானுங்க."

அன்று சாயங்காலம் அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். எதிர்வீட்டு முத்தாயம்மாளிடம், "இனி உம்பையன் குட்டைக்குப் போனா பயப்படாதக்கா," என்றாள்.

இரண்டாம் வருடம் தை மாதம் தனசேகர் பாத்தியருகே வந்து நின்றார்.

"இந்தக் கோடைக்குத் தண்ணி ஊத்த வேண்டாங்கக்கா."

"ஏனுங்க சார்? காஞ்சுபோயிருமுங்களே."

"காயட்டுங்க. எத்தன நாள் தாங்குதுன்னு பாக்கோணும். ஊருக்குள்ள இதப் பேசிக்க வேண்டாங்க. சும்மா பயந்துக்குவாங்க."

படித்தவர் காரணம் இல்லாமல் சொல்லமாட்டார் என்று அவள் நம்பினாள். நாலு மாதம் ஒரு சொட்டு ஊற்றவில்லை. கோரை வெளுத்தது. மணல்மேல் படிந்த வண்டல் வெடித்தது.

சித்திரைக் கடைசியில் பெரிய மழை பிடித்தது. வெளியே வந்த தண்ணீரில் நாற்றம் அடித்தது. பாட்டிலைப் பிடித்துவைத்துவிட்டுப் போன் போட்டாள்.

"குட்டைக்கு யாரும் எறங்க வேண்டாம்னு சொல்லிரட்டுங்களா சார்?"

"ரிசல்ட் வரட்டுங்கக்கா. அவசரப்படாதீங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் முத்தாயம்மாள் மகன் மாதேஷ் வயிற்றுப்போக்கில் சுருண்டு விழுந்தான். ஒன்பது வயதுப் பையன். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குளுக்கோஸ் ஏறியது. தெருவில் இன்னும் ஆறு பிள்ளைகளுக்கு அதே தொல்லை. ரிசல்ட்டும் வந்தது. உள்ளே போன கிருமியில் பாதிகூடக் குறையவில்லை.

பேரூராட்சியில் கூட்டம் போட்டார்கள். செயல் அலுவலர் காரணம் கேட்டார். தனசேகர் எழுந்தார்.

"டிசைன்ல கொறை இல்லைங்க சார். கோடையில அடியில தண்ணி நிக்கோணும்னு எழுதியே குடுத்திருக்கோம். பராமரிப்புலதான் விட்டுப்போச்சுங்க."

பின்வரிசையில் இருந்த பழனியம்மாள் எழுந்து நின்றாள்.

"நீங்கதானுங்களே சார் ஊத்த வேண்டாம்னீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. "அக்கா ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க போலிருக்குங்க," என்றார். "சாப்பிட்டீங்களாக்கா" என்று தினமும் கேட்ட அதே மெல்லிய குரலில் அதைச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றோடு வேலை போயிற்று. அதன்பிறகு எத்தனை முறை போன் போட்டும் அவர் எடுக்கவே இல்லை. எதிரில் பழனியம்மாளைப் பார்த்தால் முத்தாயம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பழனியம்மாள் ஒரு டிபன் கடைக்கு மாவாட்டப் போனாள். எட்டு மாதம் கழித்து, பேரூராட்சிக்குப் புதிதாக வந்த இன்ஜினியர் ஸ்ரீதேவி அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். தனசேகர் வெளியிட்டிருந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று மேசைமேல் இருந்தது. ஸ்ரீதேவி அதைத் தமிழில் சொன்னாள்: பாத்தி நான்கு மாதம் திட்டமிட்டே உலரவிடப்பட்டது, தண்ணீர் ஊற்ற வேண்டாமென்று பராமரிப்பாளரிடம் முன்பே சொல்லப்பட்டது.

"இன்னொருக்கா படிங்க," என்றாள் பழனியம்மாள். இரண்டாம் முறை கேட்கும்போது அவளுக்குக் கண் நிறைந்தது. ஊருக்கு முன்னால் பொய் சொன்ன வாய், பெயர் வாங்குகிற இடத்தில் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தது.

ஸ்ரீதேவி கல்லூரிக்குக் கடிதம் எழுதினாள். தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம் என்று நான்கு வரி பதில் வந்தது. தனசேகர் அதே கல்லூரியில்தான் இருக்கிறார்.

கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு பழனியம்மாள் எதிர்வீட்டுக்குப் போனாள். முத்தாயம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவன் வெளியூர்க்காரன், பொய் சொன்னான். நீ எதுத்தூட்டுக்காரி. பாத்தி காஞ்சு கெடக்குதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"இல்லக்கா."

"அப்பறம் என்ன?" என்று முத்தாயம்மாள் உள்ளே போய்விட்டாள்.

வேலையைத் திரும்பத் தருகிறோம் என்று ஸ்ரீதேவி சொன்னபோது பழனியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். பாத்தியின் நிலைமையை, நல்லதோ கெட்டதோ, குட்டைக்கரையில் எழுதிவைக்க ஒரு போர்டு வேண்டும். யாரையும் கேட்காமல் தானே எழுதுவதாகச் சொன்னாள். ஸ்ரீதேவி சம்மதித்தாள். இப்போது பாத்தி பச்சையாக இருக்கிறது; ரிசல்ட்டும் நன்றாக வருகிறது. மற்றப் பிள்ளைகள் போர்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்கள். மாதேஷை மட்டும் முத்தாயம்மாள் இன்னும் அந்தப் பக்கம் விடுவதில்லை. பழனியம்மாளும் அவளிடம் விடச் சொல்லிக் கேட்டதில்லை.