மறுநாள் காலையில் நிறம் மாறிய பீன்ஸ்

வாசகரே, உங்களிடம் தீர்ப்புக் கேட்கவில்லை. சாட்சியாக நின்றால் போதும். கல்லூரி மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவன் நான். கிண்டி தொழிற்பேட்டையில், காய்களை உறையவைத்து விற்கும் ஆலையின் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, அதே பேச்சால் ஒருவருடைய வேலைக்கு உலை வைத்தேன்.

நறுக்கிய பீன்ஸை உறையவைக்கும் முன் நீராவியில் வாட்டுவோம். பெயர் பிளாஞ்சிங். காயிலுள்ள பெராக்சிடேஸ் என்ற என்சைமை அடக்குவதே நோக்கம். அடங்காவிட்டால், ஃப்ரீசருக்குள்ளேயே காய் நிறம் மங்கி வைக்கோல் வாடை அடிக்கும். மூன்று நிமிடம் வாட்டுவதே அங்கு முறை. வெப்பத்தைக் கூட்டினால் ஒரு நிமிடம் போதுமென்று மேனேஜர் நாகராஜன் முன்னிலையில் வாதிட்டேன். இயந்திரத்தை ஓட்டும் கரீம் பாய் மட்டும் தயங்கினார். அந்தத் தயக்கத்தையும் அடுக்கடுக்கான காரணங்களால் முறியடித்தேன். மேனேஜர் ஒரு நிமிடத்துக்கே சம்மதித்தார்.

சோதனை எளிது. காயை அரைத்துக் குவாயகால் என்ற வேதிப்பொருளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தால், என்சைம் பிழைத்திருக்கும்பட்சத்தில் செங்கல் நிறம் தோன்றும். வாசலில் வண்டி காத்திருக்குமாதலால், இயந்திரத்திலிருந்து வந்த சூட்டோடு சோதித்துக் கையெழுத்திடுவது எங்கள் வழக்கம். ஒருநாளும் நிறம் தோன்றவில்லை.

சில வாரங்களில், தி.நகர் கேட்டரிங்காரர் ஒருவர் பைகளைத் திருப்பி அனுப்பினார். பிரித்தால் வைக்கோல் வாடை. மேனேஜர் என் பதிவேட்டைப் புரட்டினார்.

"லேப்ல எல்லாம் க்ளீன். அப்போ பாய்தான் சாம்பிளுக்கு மட்டும் ஒழுங்கா ஓட்டிட்டு, மீதிக்கு ஸ்டீமைக் கொறைச்சிருக்காரு. திங்கட்கிழமைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடறேன்."

அன்று வெள்ளி. என் கையெழுத்தே பாய்க்கு எதிரான ஆதாரமாகி நின்றது. கரீம் பாயிடம் போனேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீ இன்னா சொன்னியோ அதத்தான் ஓட்டிக்கினு கீறேன், நைனா. ஒரு செகண்டு கொறைக்கல. வேணும்னா பக்கத்துல நின்னு பாரு."

ஸ்டாப்வாட்சோடு நின்றேன். ஒரு நொடியும் குறையவில்லை. சோதித்தேன், நிறமில்லை. அவரும் சரி, சோதனையும் சரி என்றால் வாடை எங்கிருந்து வந்தது? மீதிக் காயைக் கொட்ட மனம் வராமல் மேசையிலேயே விட்டுவிட்டு மந்தைவெளி வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை, அதே காயை மறுபடி அரைத்தேன். குழாயின் அடியிலிருந்து செங்கல் நிறம் மெல்ல ஏறிவந்தது. என் வாதம் சரிந்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழாயோடு மேனேஜர் அறைக்குப் போனேன். தயாரித்துவைத்த முன்னுரையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"பாய் மேல தப்பில்ல சார். நான் சொன்ன ஒரு நிமிஷம்தான் தப்பு. அந்தச் சூட்டுல என்சைம் முழுசா சாகல. மயங்கி விழுது, ஆறினதும் எழுந்துக்குது. நாம சூட்டோட டெஸ்ட் பண்றதால தெரியல."

அவர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அன்னிக்கு அவ்ளோ பேசினியே, இத ஏன் பேசல?"

கரீம் பாயின் வேலை நிலைத்தது. மூன்று நிமிட முறையும் திரும்பியது. நான் ஷிஃப்டு ஆட்களை இயந்திரத்தருகே அழைத்தேன்.

"இன்னாத்துக்குக் கூட்டம் கூட்டற? இன்னொரு ஸ்பீச்சா?" என்றார் கரீம் பாய். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவரைப் பார்த்தே உரக்கச் சொன்னேன்: "வண்டி நின்னாலும் நிக்கட்டும் பாய். இனிமே ஒரு நாள் ஆறவெச்சு, மறுபடி பாத்துட்டுதான் கையெழுத்துப் போடுவேன்."