ஹெச்.ஆர். எங்க அக்காதான்

மாத்திரைகளைப் பட்டைகளில் அடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பும் அந்த ஆலையில் அவளை டாட்டா அக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேலைக்குச் சேருகிறவர்களை வரவேற்பதும் அவள்தான், விட்டுப் போகிறவர்களை உட்கார வைத்து நாலு வார்த்தை பேசி அனுப்புவதும் அவள்தான். வரவேற்றது யாருக்கும் நினைவிருப்பதில்லை. வழியனுப்பியது மட்டும் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் அவள் காதிலும் விழும். "பாதிப் பேராவது அக்கான்னு இருக்கே" என்று சிரித்துக்கொள்வாள்.

அதே ஆலையின் வாசலில் தொலைபேசி எடுக்கும் வேலையில் சேர்ந்தவள். அஞ்சல் வழியில் படித்து, தேர்வெழுதி, தோற்று, மறுபடி எழுதி, ஹெச்.ஆர். என்கிற மனிதவளப் பிரிவுக்கு வந்தாள். மாடிப்படிக்குக் கீழே மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சிறிய அறையைக் கொடுத்தார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. ஆனால் உள்ளே அழுவது வெளியே தெரியும். முதல் வாரமே அவள் நாற்காலிகளை மாற்றிப் போட்டாள். வந்து உட்காருகிறவர் முகம் சுவரைப் பார்க்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பது அவள் முகத்தைத்தான். அந்த முகத்தில் எதுவும் தெரியாமல் வைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலையிடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று அவள் எடுக்கும் வகுப்பு ஆலையில் பேர் பெற்றது. "லைன்ல நிக்கிற பொண்ணுகிட்ட வேலை சொல்ல வாய் போதும், கை வேண்டாம். கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா சொல்லுங்க, பெட்டி தூக்குற இடத்துல ஆள் பத்தல. பக்கத்துல ஒட்டி நின்னு பேசுனா என்ன தப்புன்னு கேக்குறவங்க, முதல்ல மேனேஜர் பக்கத்துல அப்படி நின்னு பாருங்க." எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் கடைசியாக ஒன்று சொல்வாள். "யாருக்கு எது நடந்தாலும் என்கிட்ட வாங்க. யாரைப் பத்தியா இருந்தாலும் வாங்க."

அவளுக்குப் பிள்ளை இல்லை. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டு தெரு தள்ளி இருந்த தங்கையின் மகள் பாதி நாள் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தாள். தங்கையின் கணவர் மரச்சாமான் கடையில் விற்பனையாளராக இருந்தார். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். ஒரு வருடம் போல வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். தங்கை கண்ணெல்லாம் வீங்க வந்து நின்றபோது அக்காவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. மேலாளரிடம் போய், "அவரு என் தங்கை வீட்டுக்காரர் சார். நேர்காணல்ல நான் இருக்க மாட்டேன். நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றாள். மேலாளருக்கு அவருடைய பேச்சு பிடித்துப் போனது. எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில் வாசலில் வைத்தே அவரிடம் சொன்னாள். "மாப்ள, இந்த கேட்டுக்குள்ள நான் உங்க அக்கா இல்ல."

"சரிங்க மேடம்" என்று அவர் சல்யூட் அடித்தார்.

நல்ல மனிதராகத்தான் இருந்தார். சாப்பிட்டால் தன் தட்டைத் தானே கழுவி வைப்பார். மகளுக்குத் தலை பின்னிவிடுவார். "என் சகலை வந்தா எனக்கு இந்த வீட்ல மதிப்பே இல்ல" என்று வேன்காரர் கேலி செய்வார். மூன்றாம் வருடம் அவர் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஆனார். அதிலும் டாட்டா அக்காவின் கை இல்லை.

ஒரு நாள் மதியம் பேக்கிங் பிரிவிலிருந்து ஒரு பெண் கண்ணாடி அறைக்கு வந்தாள். கணவனைப் பிரிந்து அம்மாவோடு இருக்கிறவள், வேலையில் சுத்தம். தலைத்தொப்பியும் முகமூடியும் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"எனக்கு வேற ஷிஃப்ட் மாத்திக் குடுங்கக்கா."

"ஏன், இந்த நேரம் ஒத்து வரலையா?"

"நேரம் இல்லக்கா." சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

அந்த ஷிஃப்டின் சூப்பர்வைசர் யார் என்று அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

"இதை நான் கேக்கக் கூடாதும்மா. அவரு எனக்குச் சொந்தம். விசாரணைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, லேப் மேடம்தான் அதுக்குத் தலைவி. இப்பவே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "அப்ப அவரு சொன்னது சரிதான்."

"என்ன சொன்னாரு?"

"அட்டைப்பெட்டி ரூம்ல கையைப் பிடிச்சாரு. நான் போய் சொல்லிடுவேன்னேன். 'யார்கிட்ட போவே? ஹெச்.ஆர். எங்க அக்காதான்'னு சிரிச்சாரு."

கண்ணாடிக்கு வெளியே இரண்டு பேர் கடந்து போனார்கள். டாட்டா அக்கா முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று, "வா போகலாம், லேப் மேடம் ரூம் வாசல் வரைக்கும் நான் வரேன்" என்றாள். இருவரும் எல்லோரும் பார்க்க மாடிப்படி ஏறினார்கள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். "அந்தப் பொண்ணு கேட்டபடி ஷிஃப்ட் மாத்திக் குடுத்துடலாமே. உங்களுக்கும் சங்கடம் இல்ல, எனக்கும் தலைவலி இல்ல."

"புகார் சொன்னவளை மாத்தினா தண்டனை அவளுக்குன்னு ஆயிடும் சார்."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகன்னா வேண்டாம் சார்."

சூப்பர்வைசரை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். விசாரணை நொண்டியது. அந்த ஷிஃப்டில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் குழுவின் முன் வந்து, எதுவும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லேப் மேடம் ஆலைக்குள் யாரிடமும் வாய் திறக்காதவர். ஆனால் ஒரு நாள் கை கழுவும் இடத்தில் டாட்டா அக்காவைப் பார்த்தபோது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "உங்க பேரைச் சொன்னாலே வாயை மூடிக்கிறாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இத்தனை வருடமாக, வாங்க வாங்க என்று வகுப்பெடுத்துச் சம்பாதித்த பெயர். அந்தப் பெயரையே தங்கையின் கணவர் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு முழுதாக உறைத்தது.

அந்த வாரக் கடைசியில் தங்கையின் கணவர் அவள் வீட்டுக்கு வந்தார். வேன்காரர் முற்றத்தில் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். வந்தவர் நேராகச் சமையலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது. அவள் தேநீர் கொடுத்தாள்.

"அக்கா, அந்த விஷயம்..."

"அதைப் பத்தி இங்க பேசாதீங்க மாப்ள. நான் கேட்டா, கேட்டதைப் போய்ச் சொல்லியாகணும்."

அவர் சிரித்தார். "நீங்களா? யார்கிட்ட?"

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"நானும் விளையாட்டாத்தான்கா பண்ணேன்" என்றார் அவர். "கையைப் பிடிச்சேன். இழுத்தேன், அவ்வளவுதான். கொலையா பண்ணிட்டேன்? இதுக்கு முன்னாடி யாரும் இவ்வளவு பெருசு பண்ணதில்ல. நீங்க ஒரு வார்த்தை லேப் மேடம்கிட்ட சொன்னா முடிஞ்சு போச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள். 'இதுக்கு முன்னாடி' என்ற சொல் மட்டும் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் டயரைத் தட்டும் சத்தமும் நின்றிருந்தது. வேன்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போங்க மாப்ள" என்றாள்.

திங்கட்கிழமை காலை லேப் மேடத்தின் அறைக் கதவைத் தட்டி, "நான் சாட்சி சொல்லணும்" என்றாள். நடந்ததை நடந்தபடி, தான் எச்சரித்ததையும் அவர் சொன்ன வார்த்தைகளையும் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடித்ததும் லேப் மேடம் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஆலையில் எந்த ரகசியமும் தேநீர் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டாட்டா அக்காவே போய் சாட்சி சொல்லிவிட்டாள் என்ற செய்தி பரவிய பிறகு பேக்கிங் பெண்கள் தாங்களாகவே மாடிப்படி ஏறினார்கள். ஒருத்தி இடைவேளைக்கு விடாமல் நிறுத்தி வைத்ததைச் சொன்னாள். ஒருத்தி வேலை முடிந்த பிறகு வந்த போன்களைச் சொன்னாள். கல்யாணமாகி ஒரு மாதமே ஆகியிருந்த ஒருத்தி, புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

தங்கை அன்றைக்கே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்றாள்.

"உன்னை ஹெச்.ஆர்.னு நினைச்சா வந்தாரு? அக்கான்னு நினைச்சு வந்தாரு. உன் கையால டீ வாங்கிக் குடிச்சுட்டுப் பேசினதைக் கொண்டு போய் ஆபீஸ்ல கொட்டிட்டியே."

"பேச வேண்டாம்னு முதல்லயே சொன்னேன்மா."

"அந்தப் பொண்ணு சொல்றது பொய்யின்னு உனக்குத் தோணவே இல்லையா? அவரைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

தங்கையின் கண்ணில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. கேட்கிற கேள்விக்குப் பதில் வந்துவிடக் கூடாதே என்ற பயமும் அதில் இருந்தது. அக்காவுக்கு அது தெரிந்தது. தெரிந்ததால்தான் பதில் சொல்லவில்லை.

"தப்பே பண்ணியிருந்தாலும் வேலையை மட்டும் எடுத்திருக்கணும். நீ என் வீட்டையே எடுத்துட்ட" என்று சொல்லிவிட்டுத் தங்கை போனாள். கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது சிறுமியை மட்டும் பார்க்க விடும்படி வேன்காரர் போய்க் கேட்டார். கதவைத் திறக்கவில்லை.

அன்று திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நீ பண்ணது சரிதான்" என்றார். "ஆனா அதை என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்காத."

அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

புகார் சொன்ன பெண் அந்த ஆலையில் நிலைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வேலையை விடுவதாகச் சொல்லிக் கண்ணாடி அறையில் வந்து உட்கார்ந்தாள்.

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று டாட்டா அக்கா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலக்கா. யாரும் என்கிட்ட ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாங்க. ஆம்பளைங்க என்னைக் கண்டாலே ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஒதுங்கிப் போறாங்க. மத்தவங்க சிரிக்கிறாங்க. அதுக்கெல்லாம் புகார் சொல்ல முடியுமா?"

சொல்லலாம் என்றுதான் விதி சொல்கிறது. அதை டாட்டா அக்கா எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் மெல்லத் தலையசைத்தாள். இன்னொரு முறை அந்த மாடிப்படி ஏற உடம்பில் தெம்பு இல்லை என்று அந்த அசைப்பிலேயே தெரிந்தது. வாசல் வரை இருவரும் நடந்தார்கள். கேட்டில் அந்தப் பெண், "உங்களுக்கும் என்னால கஷ்டம்தான்" என்றாள்.

"உன்னால இல்ல" என்றாள் டாட்டா அக்கா. "அதை மட்டும் போற இடத்துக்குத் தூக்கிட்டுப் போகாத."

மேலாளர் ஒருநாளும் அவளிடம் கோபப்படவில்லை. முன்னைவிட மரியாதையாகவே பேசினார். அடுத்த வருடம் அவளுக்கு மேலே ஒரு இளைஞரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவளுக்கு விடுப்பும் வருகைப் பதிவும் மட்டும் மிஞ்சின. வகுப்பையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக டிவியில் ஒரு வீடியோ ஓடும். கோட் போட்ட ஒருவர் சிரித்த முகத்தோடு பரஸ்பர மரியாதையைப் பற்றிப் பேசுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீடியோ முடிந்ததும் கைதட்டலும் அதிலேயே வரும்.

சில வருடங்கள் கழித்துத் தங்கை மகள் கல்லூரியில் சேரப் பெரியம்மாவின் ஊருக்கே திரும்பி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்னறிவிப்பு இல்லாமல் வாசலில் வந்து நின்றாள். நல்ல உயரமாகியிருந்தாள். பெரியம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். என்ன சாப்பிடுறே, விடுதி எப்படி, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். பெண் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் தன் கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா என்ன பண்ணாரு பெரியம்மா?"

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். உங்களுக்குப் பதவி உயர்வு வேணும்னு அவரைக் காட்டிக் குடுத்துட்டீங்கன்னு சொன்னாரு. அம்மா வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்."

ஒரு நிமிடம் போதும், எல்லாம் தெளிந்துவிடும். இந்தப் பிள்ளை மறுபடி இந்த வீட்டுக்கு வந்துபோகும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் அட்டைப்பெட்டி ரூமுக்குள் போக வேண்டும். அங்கே நின்றிருந்த ஒருத்தியைப் பற்றி, புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று கும்பிட்ட இன்னொருத்தியைப் பற்றிப் பேச வேண்டும். விசாரணை அறையை விட்டு வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் சொன்னார்கள்.

"அது வேற பொண்ணுங்க விஷயம்மா. நான் வெளியில சொல்லக் கூடாது."

"நான் வெளியாளா பெரியம்மா?"

பெண் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வேன்காரர் சாவியை எடுத்தார், விடுதியில் இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னார்.

அவர் திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏதாவது பேசினாளா?"

"வழியெல்லாம் ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தா" என்றார் அவர். "இறங்கும்போது, 'வேற பொண்ணுங்கன்னா எத்தனை பேரு பெரியப்பா'ன்னு கேட்டா. எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லிட்டேன்."