மேலே இரண்டு வசனம் வாசியுங்கோ

வேதம் படிப்பிப்பதும் மாம்பழப் பெட்டி வாங்குவதும் ஒரே தொழில்தான்; இரண்டிலும் மேல் வரிசையை நம்பியவர் அழுதுகொண்டுதான் வீடு போவார். பிரெஞ்சு நாட்டில், எங்கள் சனம் கூடும் லா ஷப்பலில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் நான், சனிக்கிழமை பின்னேரங்களில் ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் கிறிஸ்தவ வேத வகுப்பும் எடுக்கிறேன். என்னைப்போல் வகுப்பெடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிற சகோதரங்களுக்கு இது விளங்கும்.

பெட்டியின் அடி

கடை தொடங்கிய காலத்தில் மொத்தச் சந்தையில் ஒருவன் சிரித்துச் சிரித்துப் பத்துப் பெட்டி மாம்பழத்தைத் தலையில் கட்டினான். மேல் வரிசை பொன். அடியெல்லாம் அழுகல். பிரெஞ்சு தெரியாததால் தமிழிலேயே ஏசிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அடிவரை கிண்டிப் பார்க்காமல் எந்தப் பெட்டிக்கும் விலை பேசியதில்லை.

வகுப்பிலும் அதே பழக்கம். யாராவது ஒரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், மேலே இரண்டு, கீழே இரண்டு வாசியுங்கோ என்பேன். வாசித்து முடிப்பதற்குள் பாதிப்பேருடைய சந்தோஷம் இறங்கிவிடும். பியர்ஃபித் புறநகரிலிருந்து வரும் மேரி ஒருநாள் வேதத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, நீங்கள் வேதம் படிப்பிக்கிறியளோ, கஸ்டம்ஸிலை நிக்கிறியளோ?"

முழங்கால்

வெளிநாட்டுப் போதகர் ஒருவர் எங்கள் மண்டபத்துக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு, இங்கே முழங்கால் நோவுள்ள ஒருவரைக் காண்கிறேன் என்றார். பதினொரு கை உயர்ந்தது. நாள் முழுக்க ரெஸ்டோரண்டில் நின்று வேலை செய்கிற சனம், உயராமல் என்ன செய்யும்?

எனக்குப் பொறுக்கவில்லை. லா ஷப்பலில் முழங்கால் நோகாத ஒருவரைக் கண்டால் அதுதான் தரிசனம் என்று எழும்பி நின்றே சொல்லிவிட்டேன். சிரித்தவர்கள் சிலர், முறைத்தவர்கள் பலர். போதகர் கோபிக்கவில்லை. எல்லாருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சிஸ்டர், உங்களிலை ஒரு சந்தேக ஆவி இருக்கு."

குரல் செய்தி

அந்த நம்பர்களில் ஒன்று ஜெயசீலனுடையது. இங்கேயே ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவுகிறவன். மனைவியும் மகளும் மன்னாரில். அவனுடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அப்பீல் போடாவிட்டால் கதை முடிந்தது. ஒன்பது நாள் மிச்சம் இருக்கையில்தான் அவன் வக்கீலிடம் போகவேயில்லை என்பது எனக்குத் தெரியவந்தது. போதகர் போனில் குரல் அனுப்பியிருந்தார்: வக்கீலிடம் போவது அவிசுவாசம், உபவாசம் இருந்தால் விசா தானாக வரும்.

எந்த வசனம் என்று பாய்ந்தேன். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில், நல்ல முடிவு தருவதாகக் கர்த்தர் சொல்லும் இடத்தைக் காட்டினான். மேலே வாசி என்றேன். அது எழுபது வருடம் கழித்து என்று இருந்தது. இன்னும் மேலே, உங்கள் நடுவில் இருக்கும் தீர்க்கதரிசிகளிடம் ஏமாற வேண்டாம் என்றே இருந்தது. எழுபது வருசம் கோப்பை கழுவப் போறியோ விசரா என்று மண்டபம் அதிரக் கத்தினேன். அவன் எழும்பி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டான். "நீங்கள் சொல்லுறது சரியாயிருக்கும் அக்கா. ஆனா அவர் கத்தேல்லை."

மஞ்சள் அட்டை

மூன்று நாள் அவன் என் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் ரெஸ்டோரண்டின் பின்கதவில் போய் நின்றேன். ஈரக் கையைத் துடைத்தபடி வந்தான். அந்தக் கள்ளப் போதகர் என்று நான் தொடங்க, போன் உறைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து நீட்டினான். அதே வசனம்.

புதுவருட ஆராதனையில் அந்த வருடத்துக்கென்று வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுக்கிற வழக்கம் உங்கள் சபையிலும் இருக்கும். எங்கள் சபையில் வசனம் தெரிந்தெடுத்து, அச்சடித்து, வெட்டி, தட்டில் அடுக்கி நீட்டுகிறவள் நான். இனிப்பானதை மட்டும்தான் வெட்டுவேன். எழுபது வருடத்தை யார் தட்டில் வைப்பார்கள்? ஜெயசீலன் சொன்னான்: "போதகர் இதுக்கு ஆமென் மட்டுந்தான் சொன்னவர் அக்கா. வசனம் தந்தது நீங்கள்."

பதிவுத் தபால்

பேரம் பேசாமல் நான் ஒத்துக்கொண்ட முதல் பிழை அதுதான். பின்கதவுப் படியிலேயே இருந்து அந்தக் கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தோம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற ஊரின் நன்மையைத் தேடுங்கள் என்று இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லி எங்கும் இல்லை. அவன் அட்டையை வாங்கிப் போன் உறைக்குள் வைத்துவிட்டு, வக்கீலின் விலாசம் கேட்டான்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவனோடு போனேன். தவணைக்கு மூன்று நாள் இருக்கையில் அப்பீல் பதிவுத் தபாலில் போனது. தபால் கந்தோர் வாசலில், விசா கிடைக்குமோ அக்கா என்று கேட்டான். தெரியாது என்றேன், அதற்கு என்னிடம் வசனமும் இல்லை என்றேன். பற்றுச்சீட்டை அட்டையோடு சேர்த்து மடித்து வைத்தான். "இந்த மாசத்திலை தெரியாதெண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அதாலை நம்பிறன்."

ஊரார் பெட்டிகளையெல்லாம் இத்தனை வருடமாய்க் கிண்டிப் பார்த்தவள், பார்க்காமல் விட்டது என் கையிலிருந்த தட்டை மட்டும்தான்.