உபவாசமிருந்து உறுமியவர்கள்

மேடையில் வாசிப்பது என்பது ரசிகர்களைவிட ஆட்சேபிப்பவர்களை அதிகம் சந்திக்கும் தொழில். அதிலும் சர்ச்சுக்குள் ஹெவி மெட்டல் வாசிக்கக் கிளம்பியவனுக்கு ரசிகர் என்று ஒருவர் சிக்குவதே பெரிய பாடு. தோளில் வாத்தியத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, நீங்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் ‘எரிகோ’ என்று ஒரு பேண்ட் இருந்தது. பைபிளில் ஜனங்கள் ஆர்ப்பரித்தே மதிலை விழவைத்த ஊரின் பெயர். நாங்களும் எதையாவது விழவைப்போம் என்று நம்பினோம். நான் பேஸ் கிட்டார். அதாவது, நான் வாசித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால் ‘என்னமோ குறையுதே’ என்பார்கள். லீட் கிட்டார் பிராங்க்ளின், டிரம்ஸ் நஜீர், பாடுவது ஜோயல். அந்த ஜோயலின் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஐஸ் மிஷினுக்குப் போட்டி

நஜீர் வண்ணாரப்பேட்டைக்காரன். முஸ்லிம் பையனுக்குக் கிறிஸ்தவ பேண்டில் என்ன வேலை என்று கேட்காத ஆள் கிடையாது. டிரம்ஸை இரண்டு காலாலும் அடிக்கிற டபுள் பெடல் வேறு எந்த பேண்டிலும் இல்லை, அவ்வளவுதான் காரணம். அந்தப் பெடலும் கடையில் வாங்கியதல்ல. காசிமேட்டில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஜோயல் பழைய செயின், ஸ்பிரிங் எல்லாம் போட்டு வெல்டு வைத்துக் கொடுத்தது. டீசல் நாற்றம் அடிக்கும், ஆனால் மோசம் செய்யாது.

ஜோயல் அரை டிராயர் காலத்திலிருந்து சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில், பாடுகிறவன். தெளிவான குரல், மேலே போகப் போக இன்னும் தெளியும். எங்கள் பாட்டெல்லாம் பைபிளின் சங்கீதப் புத்தகத்தைத் தழுவி நாங்களே கட்டியது. பாதிப் பாட்டை அந்தக் கொயர் குரலில் பாடுவான். சத்துருக்கள் சூழ்ந்துகொள்ளும் இடம் வந்ததும் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். இதைப் பழக எந்த வீட்டிலும் இடம் கொடுக்கவில்லை. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஓர் ஐஸ் பேக்டரியின் பின்கட்டில் இடம் கிடைத்தது. ஐஸ் உடைக்கிற மிஷின் எங்களைவிட அதிகமாகக் கத்தும் என்பதால் புகார் சொல்ல ஆளில்லை. ஒருநாள் மிஷின் பழுதாகி நின்றது. நாங்கள் நிற்கவில்லை. அங்கே ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “இன்னா நைனா, மிஷினு நின்னு எம்மா நேரமாவுது, இன்னும் சத்தம் வந்துகினே கீது?”

ஞானம் அக்காவின் சந்தேகம்

வாலிபர் ஞாயிறு அன்று ஒரே ஒரு பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. ஜோயல் முதல் பாதியைப் பாடியபோது சபை கண்மூடி ரசித்தது. உறுமல் ஆரம்பித்ததும் முன்வரிசையிலிருந்த மாதர் சங்கத்து ஞானம் அக்கா எழுந்து நேராக வந்தார். ஜோயலின் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நஜீர் வாசிப்பதா நிறுத்துவதா என்று என்னைப் பார்த்தான். நான் பிராங்க்ளினைப் பார்த்தேன். அவன் மேற்கூரையைப் பார்த்தான்.

ஜோயல் பாட்டை நிறுத்தி, பழைய கொயர் குரலில் பணிவாகச் சொன்னான், “அக்கா, இது பாட்டுதான்க்கா.” அக்கா கையை எடுக்கவில்லை. “பாட்டுன்னு எனக்கும் தெரியும்டா. இந்தப் பாட்டை உள்ளே இருந்து பாடுறது யாருன்னுதான் கேக்கறேன்!”

கமிட்டி அறையில்

அடுத்த வாரமே சர்ச் கமிட்டி கூப்பிட்டது. ஆயர் நல்ல மனுஷர். கத்துகிற பழக்கமே கிடையாது. பாட்டு வரிகளை வாங்கிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. “வார்த்தை சரிப்பா. இது பக்தியிலே வர்ற சத்தமா, வீம்புலே வர்ற சத்தமான்னு சபைக்கு எப்படித் தெரியும்?” என்றார். உள்ளே நாங்கள் மூன்று பேர்தான். நஜீரை வெளியே உட்கார வைத்திருந்தோம்.

ஜோயல்தான் எழுந்தான். இனிமேல் பாடுகிற நாளெல்லாம் உபவாசம் இருக்கிறேன், விடிந்ததிலிருந்து கடைசிப் பாட்டு முடிகிறவரை சாப்பாடும் இல்லை, தண்ணீரும் இல்லை, பைபிளில் எஸ்தர் ராணி இருந்த மாதிரி என்றான். யாரும் அப்படி அவனைக் கேட்கவில்லை. சபை தன்னைத் தன் பிள்ளை என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்கிற தவிப்பு அவனுக்கு. கமிட்டி ஆட்களின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அனுமதி கொடுத்துவிட்டு ஆயர் தழுதழுத்துச் சொன்னார்: “நம்ம கொயர்ல பாடுறவங்ககூட ஆண்டவருக்காக இவ்வளவு பண்ணதில்லையேப்பா.”

நஜீரின் அத்தா

விஷயம் தெரிந்ததும் நஜீர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான். வருஷாவருஷம் ரம்ஜான் மாதம் நோன்பு இருப்பவன் அவன். தண்ணீர் குடிக்காத தொண்டை எப்படி இருக்கும் என்று எங்களில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். நோன்பு மாதத்தில் அவன் டிரம்ஸ் வாசிப்பான், கோரஸுக்கு மட்டும் வாயே திறக்க மாட்டான். சோம்பேறித்தனம் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

“பட்டினி கெட, வோணான்னு சொல்லல. தண்ணியக் குடிச்சிட்டு பாடு. இல்லாங்காட்டி நோன்பு இரு, பாடாத” என்றான் ஜோயலிடம். ஜோயல் சிரித்தான். தண்ணீர் குடித்தால் அது என்ன உபவாசம், கமிட்டிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது என்றான். நஜீருக்குக் கோபம் வந்து குச்சிகளைக் கீழே போட்டுவிட்டான். “எங்க அத்தா எம்.சி. ரோட்டுல கட்பீஸ் துணி வியாபாரம். நோன்பு மாசத்துல கூவவே மாட்டாரு, கையால சாடை காட்டித்தான் விப்பாரு. நீ இன்னாடான்னா காஞ்ச தொண்டைய வச்சிகினு இன்ஜின் மாரி ஓட்டுற!”

வியாசர்பாடி ரசிகர்

இதற்குள் எங்களுக்கு நல்ல காலம் வந்துவிட்டது. திருவொற்றியூர், எண்ணூர், மணலி என்று கிறிஸ்மஸ் நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கேசட் போட்டோம். ஷேர் ஆட்டோவில் அது ஓடியதை நானே கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார் என்பது வேறு விஷயம். டிசம்பர் வந்தால் ஜோயலுக்குப் பாடாத நாள் அபூர்வம். அப்படியென்றால் தண்ணீர் குடித்த நாளும் அபூர்வம். சாயங்காலம் அவன் உதடு வெடித்திருக்கும். அதைப் பக்தியின் அடையாளமாக எடுத்துக்கொண்ட சபைக்காரர்கள் “சாட்சியுள்ள பிள்ளை” என்பார்கள்.

நிகழ்ச்சிகளுக்கு சர்ச்சுக்கு வராத பையன்களும் நிறைய வந்தார்கள். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் ஒருத்தர் தவறாமல் வருவார். மூட்டை தூக்குகிற வேலை, நெஞ்சு அகலமான ஆள். ஒருநாள் ஜோயலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நான் சாமி கும்புடுற ஆளே இல்ல மாமு. ஆனா நீ கத்தசொல்லோ எங்க ஏரியாவுக்கும் சேத்துக் கத்துற மாரியே கீது, வுட்றாத!”  அன்றைக்கு வீட்டு வாசலில் ஜோயல் என்னிடம் சொன்னான்: “டேனி, இதுக்கோசரம் செத்தாகூட பரவால்லடா.”

எண்ணூரில் கரண்ட் போனது

எண்ணூரில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சி. நிமிர்ந்தால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடம் அது. அதன் காலடியில் எங்கள் முதல் பாட்டிலேயே கரண்ட் போய்விட்டது. கிட்டார்கள் ஊமையாகிவிட்டன. நஜீரின் டிரம்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜோயல் மைக்கைக் கீழே வைத்தான், மேடையிலிருந்து குதித்துக் கூட்டத்துக்குள் போய்விட்டான். கடல்காற்று ஒரு பக்கம், நிலக்கரித் தூசு ஒரு பக்கம். அத்தனை ஜனத்துக்கும் கேட்கிற மாதிரி வெறும் தொண்டையில் பாடினான். பாட்டு பாட்டாகப் பாடினான். நெட்டுக்குப்பத்திலிருந்து வந்திருந்த மீனவப் பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

நடுவில் ஓடிப்போய் ஒரு தண்ணீர் பாக்கெட்டை நீட்டினேன். இன்னும் கடைசிப் பாட்டு முடியவில்லை என்று தள்ளிவிட்டான். எங்கள் வாழ்க்கையிலேயே சிறந்த நிகழ்ச்சி அதுதான். இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும், உடனே அந்தத் தண்ணீர் பாக்கெட் ஞாபகம் வரும். மைக்செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே வியந்துபோய்ச் சொன்னார்: “மைக்கு இல்லாமலே இந்தப் போடு போடுறாரே, அப்புறம் என்னை இன்னாத்துக்குப்பா வரச்சொன்னீங்க?”

எழுதாமல் விட்டது

மறுநாள் காலையில் ஜோயல் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நாங்கள் கற்கண்டும் மிளகும் கொண்டுபோனோம். அவன் தொடவில்லை. குரல் திரும்பிவர வேண்டும் என்று அவன் செய்த முதல் காரியம், மறுபடி உபவாசம். அதுவும் தண்ணீர் இல்லாமல். மாத்தூர் வரைக்கும் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது என்று மிச்ச நிகழ்ச்சிகளையும் விடவில்லை. கொயர் குரலில் பாட வேண்டிய இடத்தையும் உறுமியே சமாளித்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். அதுதான் பெரிய வயிற்றெரிச்சல், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாண் கிழிந்து, ஆறாமலே கிழிந்து, தழும்பாகிவிட்டது, இனி பழைய குரல் வராது என்றார். “தண்ணிகூட குடிக்காமலா கத்தினீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நஜீர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அழுதேன். ஜோயல் எங்களைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, அந்தக் கிழிந்த குரலில் சொன்னான்: “எரிகோ மதிலு வுழுந்துச்சுன்னு பைபிள்ல போட்டுக்கீது. கத்துனவங்க தொண்டை இன்னா ஆச்சுன்னு போடலியே மச்சான்.”

பிரியாணி

வேறு பாடகனை வைத்து இரண்டொரு இடத்தில் வாசித்துப் பார்த்தோம். மனசு ஒட்டவில்லை. பிராங்க்ளின் கப்பல் வேலைக்குப் போனான். நஜீர் அத்தா கடையில் உட்கார்ந்தான், நான் கன்டெய்னர் யார்டில் குமாஸ்தா ஆனேன். ஆயர் ஜோயலுக்காக உருக்கமாக ஜெபித்தார், தேவசித்தம் என்றார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. தேவனா தண்ணீர் குடிக்காதே என்றார்? அவன் தொண்டை காய்வதற்கு முன்பே சபை அவனைத் தன் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம்.

சில வருஷத்தில் காலம் மாறியது. சர்ச்சே பெரிய டிரம் செட் வாங்கிப் போட்டது. வாலிபர் ஞாயிறு அன்று புதுப் பையன்கள் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறிக் கிழி கிழி என்று கிழித்தார்கள். ஞானம் அக்கா தாளம் போட்டார். ஜோயலும் நானும் கடைசி பெஞ்சில் இருந்தோம். அவன் உண்மையாகவே சந்தோஷமாகக் கைதட்டினான், என்னால் முடியவில்லை. பையன்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் கமிட்டி செக்ரட்டரி அவர்களைத் தட்டிக்கொடுத்துச் சொன்னதை நாங்கள் இருவருமே கேட்டோம்: “தம்பிங்களா, வெறும் வயித்துல பாடாதீங்கப்பா, பின்னாடி பிரியாணி வச்சிருக்கு, சாப்பிட்டு ஏறுங்க.”

உடன்படிக்கை

ஜோயலுக்குத் திருவொற்றியூரில் பெண் அமைந்தது. பெயர் ரூத், நர்ஸ் வேலை. எங்கள் சபையில் திருமண உடன்படிக்கையை ஆயர் சொல்லச் சொல்ல மணமக்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், சபை முழுக்க சாட்சியாகக் கேட்க வேண்டும். அது இல்லாமல் கல்யாணம் நடக்காது. நானும் நஜீரும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். ஆயர் முதல் வரியைச் சொன்னார். ஜோயல் திருப்பிச் சொன்னான். மைக்கில் காற்று வந்தது. “சபைக்குக் கேக்கலப்பா, இன்னும் கொஞ்சம் சத்தமா” என்றார் ஆயர், தன்மையாகத்தான்.

ஜோயல் மறுபடி முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது, குரல் பாதியில் உடைந்தது. பின்னால் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். எண்ணூரில் மைக் இல்லாமல் பாடியவன் அவன் என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது. நஜீர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தான். ஆயர் மூன்றாம் முறை ஆரம்பிக்கப் போனார். அப்போது முக்காடு போட்டிருந்த ரூத் நிமிர்ந்து, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: “எனக்கு நல்லா கேட்டுச்சு ஐயா. எங்கிட்டதானே சொல்றாரு, நீங்க மேலே நடத்துங்க.”

ஹெவி மெட்டல் பாடினால் கெட்டுப்போவாய் என்று ஜோயலை எச்சரிக்காத கிறிஸ்தவர் ராயபுரத்திலேயே கிடையாது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் பாடு என்று சொல்லத்தான் வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு முஸ்லிம் வர வேண்டியிருந்தது.