எட்டாம் ஆட்டத்துக்கு ஒரு ஞாயிறு

வாரம் முழுக்க ஐப்பசி மழை. கூரை ஒழுகிப் பரண்மேல் இருந்த ஆட்டப் பெட்டி நனைந்து ஊறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் முகம் காட்டியதும் சுப்பராயலு வாசலில் பழைய வலையொன்றை விரித்தார். மகள் இந்திராணி ஒட்டிக்கிடந்த ஆட்டக்காரர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். அவர் வாங்கி வலைமேல் பரப்பினார். கனடா ஒரு பக்கம், சோவியத் ஒரு பக்கம். கலந்துவிடக் கூடாதென்று நடுவில் ஒரு முழம் இடம் விட்டார்.

அடுத்த வீட்டிலிருந்து அவருடைய அக்கா பொன்னியம்மாள் குடத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"இன்னாடா சுப்பு, காரப்பொடி மீனு காயப் போட்டிருக்கியா?"

"ஆமா. வெளிநாட்டுக் காரப்பொடி. காக்கா வந்தா ஓட்டு."

"உப்பு போட்டியா?"

"உன் வாயில இருக்கிறது போதும், போ."

இந்திராணிக்கு வேறொரு கேள்வி இருந்தது. வீட்டில் நல்ல தார்ப்பாய் ஒன்று உண்டு. "தார்ப்பாயை இதும்மேல போட்டிருக்கலாமே நைனா?"

"வலைக்குப் போட்டேன்."

"நைலான் வலைக்கு மழை இன்னா பண்ணும்?"

அவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணியும் பண்ணாது" என்றார்.

பருத்தி நூல் வலை ஈரத்தில் இற்றுப்போகும். அவர் தொழிலுக்கு வந்த காலத்து வலை அது. நைலான் வந்து பதினைந்து வருஷம் ஆகியும், மழை இருட்டினால் அவர் கை முதலில் வலையைத்தான் மூடும். கை மூடிய பிறகுதான் மூளை வந்து சேரும். அந்த ஏரிக்கரையில் அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான்.

அன்றைக்கு எட்டாம் ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். அட்டைகள் காயவே சாயங்காலம் ஆகிவிட்டது. காய்ந்தும் அப்பளம் போல வளைந்து நின்றன. படகுப் பலகை இரண்டுக்கு நடுவில் அடுக்கி, மேலே நங்கூரக் கல்லைத் தூக்கி வைத்தார்கள். கல்லின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை அவள் பிடித்தாள்.

*

அந்தப் பெட்டி வந்த கதை இது. 1975இல், படகுக்கு மோட்டார் பொருத்திப் பார்க்கிறேன் என்று கனடா நாட்டு எஞ்சினீயர் ஒருவர் பழவேற்காட்டுக்கு வந்தார். தினமும் அவரை ஏரிக்குள் கூட்டிப்போனது சுப்பராயலு. சாயங்காலம் பங்களாவில் கொண்டுபோய் விட்டால், அந்த மனிதர் மேஜையில் அட்டைகளைப் பரப்பிவைத்துத் தாமே பகடை உருட்டிக்கொண்டிருப்பார்.

"ஒருத்தனே ரெண்டு பக்கமும் ஆடிக்கினு இருந்தான். பாக்கவே ஒரு மாரி இருந்துச்சு" என்பார் சுப்பராயலு. அதனால் எதிரில் போய் உட்கார்ந்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. கைஜாடையிலேயே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். மோட்டார் சரிப்பட்டு வரவில்லை, திரும்பிப் போயிற்று. பெட்டி இங்கேயே தங்கிவிட்டது.

ஐஸ் மேலே ஆடும் ஹாக்கி. 1972இல் கனடாவும் சோவியத்தும் எட்டு ஆட்டம் ஆடின. ஏழு முடிந்தபோது ஆளுக்கு மூன்று வெற்றி, ஒன்று சமன். எட்டாவதில் கடைசி நிமிஷத்தில் கனடா கோல் போட்டு ஜெயித்தது. அந்த எட்டையும் வீட்டில் உட்கார்ந்து திரும்ப ஆடிப் பார்ப்பதற்கான பெட்டி அது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. பகடையில் விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால், கூட்டாளிக்குத் தள்ளினானா, கோட்டை விட்டானா, கோலுக்கு அடித்தானா என்று தெரியும். நிஜத்தில் யார் கெட்டிக்காரனோ அவன் அட்டையிலும் கெட்டிக்காரன்.

எட்டாம் வகுப்பிலிருந்த இந்திராணி, பள்ளிக்கூடத்து அகராதியை வைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் படித்துச் சொன்னாள்.

"பெட்டியில மீனுக்குப் போடறோமே, அந்த ஐஸா?" என்றார்.

"அதே ஐஸ்தான் நைனா. ஆனா மைதானம் முழுக்க. காலுல கத்தி கட்டிக்கினு சறுக்குவாங்க."

"பந்து?"

"பந்து இல்ல, ரப்பர் வில்லை. அத்தக் கோலால தள்ளி வலைக்குள்ள போடணும்."

"வலைக்குள்ள போனா சரி."

தப்பாட்டம் ஆடினவனை இரண்டு நிமிஷம் ஓரமாக உட்காரவைப்பார்கள் என்றதும் அவருக்குப் பெரிய திருப்தி. அது ஊர்க்கட்டு. அடுத்தவன் வலை போடும் துறையில் வலைக்கோல் ஊன்றினவனைக் குப்பத்தில் சில நாள் தொழிலுக்கு இறங்கவிட மாட்டார்கள். கனடா ஆள் யாராவது அப்படி ஓரம் போனால், "குந்து. உனக்கு வேணும்" என்று அட்டையைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார்.

தாயில்லாப் பெண். அம்மா சாமுண்டீஸ்வரி மஞ்சள்காமாலையில் போனபோது இந்திராணிக்குப் பத்து வயது. ரிப்பன் கட்டிவிடச் சொன்னால் சுப்பராயலு வலை முடிச்சுப் போடுவார். சாயங்காலம் கத்தரிதான் அதைப் பிரிக்கும். வாரத்துக்கு இரண்டு ரிப்பன் இப்படிப் போனதில், பொன்னியம்மாள் அந்த வேலையை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவருக்கு மிஞ்சியது பகடை.

*

கனடா எப்போதும் அவருடையது. எப்போதும் தோற்றது.

காரணம் பாடு. ஏரி முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் துறைகள் சிலதான் உண்டு. அங்கே யாரும் நிலையாக வலை போட முடியாது. குப்பத்து ஆண்களுக்கு முறை வைத்து வரும். உன் முறை வந்தால் நீ போகலாம், முடிந்தால் அடுத்தவனுக்கு விட்டுவிட வேண்டும். கெட்டிக்காரன், சோம்பேறி, பெரிய வலைக்காரன், கிழிசல் வலைக்காரன் எல்லோருக்கும் ஒரே சுற்று. அதற்குப் பெயர்தான் பாடு. சுப்பராயலு கனடா ஆட்களையும் பாடு வைத்தே இறக்கினார். மூன்று பேர் ஆடி முடித்தால் அடுத்த மூன்று பேர், பிறகு அதற்கடுத்தவர்கள். கடைசி ஆள் வரைக்கும் வந்த பிறகுதான் முதல் ஆளுக்குத் திரும்ப முறை.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம் படித்தபோது இந்திராணி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். சோவியத் அட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தரம். கனடாவில் நாலைந்து அட்டை பிரமாதம், மற்றவை சுமார். எல்லோரையும் சமமாக இறக்கினால் கனடா தேறாது.

"நல்ல ஆளுங்களையே திரும்பத் திரும்ப எறக்கு நைனா. புத்தகத்துலயே அப்டி செய்யலாம்னு இருக்கு. கொஞ்சம் களைச்சுப் போவாங்க, அவ்ளோதான்."

"மத்தவன்?"

"ஓரமா உக்காந்திருப்பான்."

"தப்பு பண்ணவன்தானே ஓரமா உக்காரணும்?"

"அட்டை நைனா அது."

"அட்டைனு எனக்குத் தெரியாதா?"

"இப்டியே ஆடினா நாலு தொடருக்கு ஒண்ணு ஜெயிச்சாலே அதிசயம். கணக்கு அப்டி சொல்லுது."

"நாலுக்கு ஒண்ணா?" அவர் முகம் மலர்ந்தது. "அப்ப வரும்."

கனடா அட்டைகளிலேயே மட்டமான ஒன்றுக்கு அவர் ரங்கன் என்று பெயர் வைத்திருந்தார். ரங்கன் அவருடைய கூட்டாளி. நாலு வீடு தள்ளி வீடு. எங்கேயும் தாமதமாக வந்து சேருவதில் குப்பத்துக்கே பேர்போனவர். அவரும் இதை அறிவார். ஞாயிற்றுக்கிழமை வழியில் இந்திராணியைப் பார்த்தால், "நான் எப்டிம்மா ஆடறேன்?" என்று கேட்பார்.

"இன்னும் ஐஸ் மேலயே வந்து சேரல சித்தப்பா."

"குளிருதுல்ல" என்பார்.

*

வேலை கிடைத்து இந்திராணி அம்பத்தூருக்குப் போன பிறகு, வரும்போதெல்லாம் ஓர் ஆட்டம் என்று ஆயிற்று. ஒன்றுக்கு மேல் ஆட அவர் ஒப்ப மாட்டார். ஒரு தொடர் முடிய ஒன்றரை வருஷம்கூட ஆகும். நாலு தொடர் தோற்று, ஐந்தாவது 1986இல் நடந்தது. ஆயுத பூஜை விடுமுறையில் ஆடிய ஏழாம் ஆட்டத்தில், யாரும் எதிர்பாராமல் ரங்கன் அட்டை கோல் போட்டது. சுப்பராயலு அட்டையை எடுத்துக்கொண்டு நேரே ரங்கன் வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். அந்த கோலோடு ஆளுக்கு மூன்று வெற்றி, ஒன்று சமன். எழுபத்திரண்டில் நின்ற மாதிரியே வந்து நின்றது.

"கனடா ஜெயிச்சுதுன்னு அந்த மோட்டார்க்காரன் என் கையப் புடிச்சுக் குலுக்கிக் காட்டினான்" என்றார். "என் கையில மட்டும் ஏன் தோக்குதுன்னு பத்து வருசமா யோசிக்கறேன். ஒரு தபா ஜெயிச்சுட்டா போதும்."

அப்படி அவர் எதையும் வேண்டுமென்று சொல்லி அவள் கேட்டதில்லை.

அட்டை காயவைத்த ஞாயிறன்று, சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். கம்பெனியில் ஒரு வருஷப் பயிற்சிக்குப் பம்பாய் அனுப்புகிறார்கள். எட்டாம் நாள் திங்கட்கிழமை ரயில்.

"நல்லது" என்றார். பிறகு, "அங்க ஏரி உண்டா?" என்று கேட்டார்.

"கடல் உண்டு. நைனா, அடுத்த ஞாயிறு காலையிலயே வந்துடறேன். ஆடி முடிச்சுடலாம்."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம எனக்குப் பாடு."

குப்பத்தில் முறையை மாற்றிக்கொள்வது உண்டு. ஆனால் கேட்கிறவன் தானே மற்றவன் வீட்டுக்குப் போய், வெற்றிலை கொடுத்துக் கேட்க வேண்டும். ஆள் அனுப்பிக் கேட்டால் செல்லாது. சுப்பராயலு ஒரு நாளும் அப்படிப் போய் யார் வாசலிலும் நின்றதில்லை. இந்திராணி பிறந்த அன்றும் அவருக்குப் பாடுதான். இறால் கூடையோடு கரைக்கு வந்தவரிடம்தான் பெண் பிறந்திருக்கிறது என்று சொன்னார்கள். பாலிடெக்னிக்கில் சேர்த்த அன்றும் பாடு, அவளைக் கூட்டிப்போனது அத்தை பொன்னியம்மாள்.

"ரங்கன் சித்தப்பா கிட்ட மாத்திக்கக் கூடாதா? ஒரே ஒரு தபா."

"பஸ்ஸு வந்துடுச்சு" என்று சொல்லிப் பையை எடுத்துக் கொடுத்தார். பொன்னேரி பஸ் அப்போதுதான் திருப்பத்தில் தெரிந்தது.

*

வியாழக்கிழமை காலை படகைக் கரையேற்றும்போது சுப்பராயலு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கம்பெனிக்கு போன் வந்தது. வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். சனிக்கிழமை பால் தெளித்தார்கள். பம்பாய்க்குப் பத்து நாள் தள்ளி வருவதாகத் தந்தி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய துறையில் யாரும் வலை இறக்கவில்லை. ரங்கன் வந்து வாசலில் குந்தியிருந்தார். இறந்தவன் முறையில் துறையைச் சும்மா விடுவது குப்பத்து வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை அவரும் ஒரு தரம் சொன்னார். பிறகு கஞ்சி குடித்தாயா என்று கேட்டார். குடித்தேன் என்றாள். எழுந்து போனார்.

இந்திராணி நங்கூரக் கல்லைப் புரட்டித் தள்ளிப் பலகையை எடுத்துப் பார்த்தாள். அட்டைகள் தட்டையாகிவிட்டிருந்தன. ஓரம் மட்டும் கொஞ்சம் அலை அலையாக இருந்தது. ஆடலாம். தனி ஆள் இரண்டு பக்கமும் ஆடும் முறை விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பலகையைத் திரும்ப மூடினாள்.

பொன்னியம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் கதவில் சாய்ந்து நின்றாள்.

"புதங்கெழம உங்கப்பன் தோச்ச சட்டையப் போட்டுக்கினு நின்னான், இந்திரா. கடையில போயி வெத்தல வாங்கியாந்தான். புது மாப்ள மாரி எங்கடா கெளம்பிட்டன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"ரங்கன் வூட்டுக்குன்னான். ஞாயித்துக்கெழம என் பாட்ட அவன் எடுத்துக்கட்டும், அவன் பாட்ட நான் எடுத்துக்கறேன், பொண்ணுக்கு ஆட்டம் இருக்குதுன்னான். நான் சிரிச்சுட்டேன். பொண்டாட்டி புள்ள பெத்த அன்னிக்கு மாத்தாதவன், அட்ட ஆடறதுக்கு மாத்தறியா, ஊரே சிரிக்கும்டான்னேன்."

"அதுக்கு?"

"சிரிக்கட்டும்னான்."

இந்திராணி காபியை எடுத்தாள். ஆடை படிந்திருந்தது. ஊதி ஒதுக்கினாள்.

"அப்றம் போனாரா அத்தை?"

"எங்க? வாசல்ல எறங்கனான், தூறல் புடிச்சுக்கிச்சு. ரங்கன் வேற அந்நேரத்துக்கு வூட்டுல இருக்க மாட்டான். நாளைக்குக் கரைக்கு வந்ததும் போயிக் கேக்கறேன்னு சட்டையக் கழட்டி மாட்டிட்டான்."

சட்டை ஆணியில் தொங்கியது. வெற்றிலை அதன் பையிலேயே இருந்தது.